மடுல்கலையில் நட்சத்திரம் கொட்டிய இரவு

கண்டிக்கு வருகிறவர்கள் எசல பெரஹெரவைப் பார்க்கிறார்கள். தலதா மாளிகைக்குப் போகிறார்கள், வாவிக்கரையில் நின்று படம் எடுக்கிறார்கள், பேராதனைப் பூங்காவில் அரைநாள் நடக்கிறார்கள். எல்லாமே அழகு. அவற்றில் ஒன்றையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். கண்டிச் சீமையின் ஆகச்சிறந்த காட்சி டிசம்பர் மாதத்தின் நடுவில், நள்ளிரவு தாண்டி, ஊர் முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில் நடக்கிறது. அதைப் பார்த்தவர்கள் மிகக் கொஞ்சம் பேர் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெமினிட் எரிகல் பொழிவு என்று வானியல் படித்தவர்கள் சொல்வார்கள். மிதுன ராசியிலிருந்து, நம் கணக்கில் புனர்பூச நட்சத்திரத்தின் பக்கத்திலிருந்து, நாலாபுறமும் எரிநட்சத்திரங்கள் புறப்பட்டு ஓடுகிற பொழிவு. வருடம் தவறாமல் டிசம்பர் 13, 14 இரவுகளில் உச்சத்துக்கு வரும். எங்கள் அத்தை இதற்கெல்லாம் பெயர் வைக்கவில்லை. "நச்சத்திரம் கொட்டுது புள்ள" என்றார். அவ்வளவுதான், அதற்கு மேல் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

கண்டி நகரத்துக்குள் இருந்து பார்க்கவே முடியாது என்று சொல்லமாட்டேன். கட்டுக்கலையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்தும் பிரகாசமானவை தெரியும். ஆனால் நகரம் மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிறது. சுற்றிலும் மலை மறைத்துவிடும், மீதி வானத்தை வாவிக்கரை விளக்கும் பஹிரவகந்தைப் புத்தர் சிலையின் வெளிச்சமும் கடைவீதி பல்புகளும் சேர்ந்து வெளுக்கப் பண்ணிவிடும். மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் நிற்கிற வேட்டைக்காரனின் இடுப்புவார் தெரியும், ரோகிணி தெரியும், கார்த்திகைக் கூட்டத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு நான் ஹந்தானையைச் சொல்வேன். தேயிலை நூதனசாலையைத் தாண்டி மேலே ஏறினால் நகரத்தின் வெளிச்சம் காலடிக்குக் கீழே போய்விடும், தெற்குப்பக்கம் ஓரளவு இருட்டாக இருக்கும். ஆனால் உண்மையான இருட்டு வேண்டுமென்றால் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைத் தாண்டி, வத்தேகம, பன்வில வழியாக மடுல்கலைக்குப் போக வேண்டும். நக்கிள்ஸ் மலைத்தொடர் அங்கே சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. அந்தச் சுவருக்குப் பின்னால் மீமுரே பக்கம் காடுதான், வெளிச்சம் என்று சொல்ல ஒன்றுமே இல்லை.

மடுல்கலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் என் அத்தை இருக்கிறார். கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். லயத்தின் கடைசிக் காம்பரா அவருடையது. அமாவாசை கழிந்த கையோடு டிசம்பர் 14 வந்த அந்த வருடம், மச்சானின் ஓட்டோவில் பின்னேரமே போய் இறங்கிவிட்டேன். நிலா இல்லாத இரவுக்கு எரிகல் பொழிவு அமைவது எல்லா வருடமும் நடக்காது. அந்த இரவைத் தவறவிட எனக்கு மனசில்லை.

அத்தை வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும். இரவு எட்டு மணிக்கே நான் பொறுக்க முடியாமல் வெளியே வந்து நின்றேன். அந்த நேரத்தில் புனர்பூசம் வடகிழக்கு மலைவிளிம்புக்கு மேலே தலையை நீட்டியிருக்கும், அவ்வளவுதான். எண்ணிக்கையில் அப்போது ஒன்றும் பெரிதாக வராது. ஆனால் அந்த நேரத்துக்கென்றே ஒரு வகை உண்டு. பூமியின் காற்று மண்டலத்தை உரசிக்கொண்டு, கிட்டத்தட்டக் கிடையாகப் போகிறவை. வடகிழக்கில் ஒரு மஞ்சள் பொறி கிளம்பி, அவசரமே இல்லாமல், தலைக்கு மேலாக நகர்ந்து, தென்மேற்கில் தேயிலை மலைக்குப் பின்னால் போய் மறைந்தது. வானத்தின் முக்கால் பாகத்தை அது கடந்திருக்கும். நான் "அத்தை!" என்று கத்திய கத்தலில் பக்கத்துக் காம்பராவின் விளக்கு எரிந்தது.

பிறகு மேகம் வந்தது. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று வீசும் காலம், நக்கிள்ஸ் மலையின் கிழக்குச் சரிவில் மழை கொட்டும், மேற்குச் சரிவில் இருக்கும் எங்களுக்கு அதன் மிச்சமேகம் வந்து சேரும். இங்கே பொறுமை காக்கிறவர்களுக்கு மலைநாடு ஒரு பெரிய சலுகை வைத்திருக்கிறது. நள்ளிரவு தாண்டிக் குளிர் இறங்க இறங்க, மேகம் கலைந்து மூடுபனியாகப் பள்ளத்தில் படுத்துவிடும். அது கீழே படுக்கும்போது வத்தேகமவின் வெளிச்சத்தையும் தூரத்துக் கண்டியின் மஞ்சள் படலத்தையும் சேர்த்து மூடிவிடுகிறது. கீழே பனி தடிக்க, மேலே வானம் கறுக்கிறது. வேறெங்கும் மனிதன் காசு கொடுத்தாலும் வாங்க முடியாத இருட்டை மலையே இலவசமாகச் செய்து தருகிறது!

ஒரு மணிக்கு அத்தை என்னை எழுப்ப வந்தபோது நான் தூங்கியிருக்கவே இல்லை. காலையில் வேலைக்கு ஆள் கூடிய பழைய பிரட்டுக்களத்துக்குப் போனோம். மரமில்லாத சமதரை என்பதால் தோட்டத்தில் அதைவிடத் தோதான இடம் கிடையாது. சாக்கை விரித்து, அதன்மேல் படங்கு, அதன்மேல் பாய். ஆளுக்கொரு கம்பளி. மச்சான் போத்தலில் இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டி கொண்டுவந்தார். லயத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் தூக்கக் கலக்கத்தோடு வந்து ஓரமாகப் படுத்துக்கொண்டார்கள். டோர்ச்சை அணைக்கச் சொன்னேன், போன் எதையும் வெளியே எடுக்க வேண்டாம் என்றேன். கண் இருட்டுக்கு முழுக்கப் பழக இருபது முப்பது நிமிடம் வேண்டும். ஒரு போன் திரையின் ஒளி போதும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அந்த இருபது நிமிடத்தையும் யாரும் வீண் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்கே அகத்திய நட்சத்திரம் நின்றது. தலைக்கு மேலே திருவாதிரையும், அதற்குச் சற்றுத் தள்ளி மிருகசீரிடமும், மேற்கே சரிந்த கார்த்திகையும். நகரத்தில் இவற்றைத் தனித்தனிப் புள்ளிகளாகத்தான் பார்த்திருக்கிறேன். இங்கே அவற்றுக்கு இடையே உள்ள வெளியெல்லாம் நட்சத்திரம் நிரம்பி, எது எங்கே என்று அடையாளம் பிடிக்கவே நேரம் எடுத்தது.

இரண்டு மணிக்குப் புனர்பூசம் உச்சிக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது!

ஒன்று வடக்கே. அதை "அங்கே!" என்று சொல்லி முடிக்கவில்லை, தெற்கே இரண்டு. ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. பிறகு ஒரே மூச்சில் மூன்று, நான்கு. சில வெள்ளை, சில மஞ்சள், ஒன்றிரண்டு பச்சை கலந்தவை. சின்னச் சின்னதாகக் கீறிவிட்டு மறைந்தவை பல, தலைக்கு மேலே நீளமாக ஓடியவை சில. பிள்ளைகள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஐம்பது தாண்டியதும் ஆளுக்கொரு கணக்கு வந்து, சண்டை வந்து, எண்ணுவதையே விட்டுவிட்டார்கள். நல்ல இருட்டில், புனர்பூசம் உச்சியில் நிற்கும்போது மணிக்கு 120க்குக் குறையாமல் வரும் என்று வானியலாளர்கள் கணக்குச் சொல்வார்கள். ஒரு ஆள் ஒரே நேரத்தில் வானம் முழுவதையும் பார்க்க முடியாது, அதனால் கண்ணுக்குக் கிடைப்பது குறையும். எங்களுக்குக் கிடைத்ததே போதும் போதும் என்றானது. ஒரு நிமிடம் கண்ணை மூடினாலும் எதையோ இழந்துவிடுவோம் என்ற தவிப்பு. கண்ணில் நீர் வந்தது. குளிரால் வந்தது என்று அத்தையிடம் சொன்னேன்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்ததைத்தான் நான் சாகும்வரை மறக்கமாட்டேன். மேற்கே, கண்ணோரத்தில் தொடங்கியது. பச்சை கலந்த வெள்ளை. ஓட ஓடப் பெருத்து, கடைசியில் இரண்டாகப் பிளந்து வெடித்தபோது பிரட்டுக்களம் முழுக்க வெளிச்சம். ஓரத்தில் நின்ற நிழல் மரங்களின் நிழல் தரையில் விழுந்து, நகர்ந்து, மறைந்தது. நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன், முழுசாகத் தெரிந்தது. சத்தம் ஒரு துளி இல்லை. அது போன தடத்தில் ஒரு மெல்லிய புகைக்கோடு சில நொடி தொங்கிவிட்டுக் கரைந்தது. லயத்து நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள்! தேர் வடம்பிடிக்கும்போது எழுகிற ஆரவாரத்தை அந்த நடுச்சாமத்தில் நாலைந்து பிள்ளைகள் எழுப்பினார்கள்.

அத்தைக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. எரிநட்சத்திரம் விழுவதைக் கண்டால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் மறதி வரும், கெடுதல் வரும் என்பார்கள். முதல் பத்துப் பதினைந்துக்கு அவர் ஒவ்வொன்றுக்கும் ஒழுங்காகத் தலையைத் திருப்பித் தேயிலைச் செடிகளைப் பார்த்தார். பிறகு படுத்தபடியே சிரித்துவிட்டார். "இத்தனைக்கும் எத்தனை தடவைதான் பச்சையப் பாக்குறது? நாமதான் நாப்பது வருசமா பச்சையவே பாத்துக்கிட்டு இருந்தமே, அது போதும் புள்ள." அப்புறம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

விழும் நட்சத்திரத்தைக் கண்டு நம் ஆட்கள் அஞ்சியது நேற்று இன்றைக்கு வந்ததல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டைப் பாடிய கூடலூர் கிழார், பங்குனி மாதத்தில் ஒரு நள்ளிரவு, வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுவதைக் கண்டார். சேரமன்னன் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு ஏழாம் நாள் என்ன ஆகுமோ என்று கலங்கினார். ஏழாம் நாளில் மன்னன் இறந்துபோனதைத்தான் அந்தப் பாட்டு சொல்கிறது. எனக்கு அந்தப் பாட்டில் பிடித்தது அவருடைய அச்சத்தைவிட அவருடைய கவனம். எந்த மாதம், எந்த நட்சத்திரம் உச்சியில் இருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்று இடம் குறித்து வைத்திருக்கிறார். துக்கத்தின் நடுவிலும் வானத்தை அவ்வளவு துல்லியமாகப் பார்த்த மனிதர்! இன்று எரிகல் பார்க்கிறவர்கள் குறிப்பேட்டில் எழுதுவதும் அதையேதான்: நேரம், திசை, எந்த நட்சத்திரக் கூட்டத்தின் பக்கம், எவ்வளவு பிரகாசம்.

சரி, கொட்டுவது எது? பெரும்பாலானவை மணல் பருக்கையிலிருந்து பயறு அளவு வரை உள்ள துணுக்குகள். அவை நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்று மண்டலத்துக்குள் நுழைகின்றன. கண்டியிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை 120 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட. நமக்கு மூன்று மணித்தியாலம் எடுக்கும் அந்தத் தூரத்தை இந்தத் துணுக்கு நான்கு நொடிக்குள் கடந்துவிடும். அந்த வேகத்தில் காற்றோடு மோதிச் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பற்றிக்கொண்டு, தரைக்கு வருவதற்குள் முழுக்க எரிந்து தீர்ந்துவிடுகிறது. பச்சை நிறம் அதிலுள்ள மக்னீசியத்தால், மஞ்சள் சோடியத்தால். ஒவ்வொரு கீற்றும் தன் உடம்பில் என்ன இருந்தது என்பதை எரியும்போதே எழுதிக்காட்டிவிட்டுப் போகிறது.

இந்தத் துணுக்குகளைச் சிந்திவிட்டுப் போனது யார் என்பதில்தான் எனக்கு இன்னும் வியப்பு அடங்கவில்லை. மற்ற பெரிய பொழிவுகள் பெரும்பாலும் வால்வெள்ளிகளின் பிள்ளைகள். மே மாதம் முதல் வாரத்தில் விடிவதற்கு முன் கும்பராசிப் பக்கமிருந்து வருகிற பொழிவு ஹேலி வால்வெள்ளி விட்டுப்போன தூசு. ஆனால் டிசம்பர்ப் பொழிவுக்கு வெகுகாலம் தாய் யாரென்றே தெரியவில்லை. 1983 ஒக்டோபரில் ஐராஸ் என்ற அகச்சிவப்புச் செய்மதியின் படங்களில் ஒரு சின்னக் கோள் அகப்பட்டது. அதன் பாதையும் ஜெமினிட் துணுக்குகளின் பாதையும் ஒன்று என்று ஃபிரெட் விப்பிள் கண்டு சொன்னார். அதுதான் ஃபைத்தன். ஐந்தாறு கிலோமீட்டர் குறுக்களவுள்ள பாறை. ஒன்றரை வருடத்துக்கும் குறைவான காலத்தில் சூரியனைச் சுற்றி வருகிறது, அப்படி வரும்போது புதன் கிரகத்தைவிட உள்ளே, சூரியனுக்கு மிக அருகே போய்த் திரும்புகிறது. அங்கே வெந்து, வெடித்து, பிளந்த பாறை.

இன்றைக்கும் அது தூசு விடுகிறதா என்றால், சூரியனை நெருங்கும்போது அதற்கு ஒரு சின்ன வால் முளைக்கிறது, ஆனால் அது தூசு வால் இல்லை, சோடியம் ஆவி என்று 2023இல் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் நம் தலைக்கு மேல் கொட்டுகிற இத்தனை துணுக்கும் எப்போது, எப்படி உதிர்ந்தவை? பழைய காலத்தில் ஏதோ ஒரு பெரிய மோதலோ உடைப்போ நடந்திருக்க வேண்டும் என்று அதே வருடம் பார்க்கர் விண்கலம் தந்த தரவுகளை வைத்து ஆய்வாளர்கள் எழுதினார்கள். அந்த உடைப்பின் சில்லுகளைத்தான் பிரட்டுக்களத்தில் கம்பளி போர்த்திக்கொண்டு நாங்கள் பார்த்தோம். 2017 டிசம்பர் 16இல் ஃபைத்தனே பூமியைக் கடந்து போனது, சுமார் ஒரு கோடி கிலோமீட்டர் தூரத்தில். ஜப்பான்காரர்கள் அதனிடம் ஒரு விண்கலம் அனுப்பத் தயாராகிறார்கள்.

விண்கல்லைப் பற்றிப் பேசிவிட்டு ஹந்தானையைச் சொல்லாமல் விட்டால் கண்டிக்காரி ஆகமாட்டேன். ஹந்தானை வீதியில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 1984 முதல் 1990 வரை அதன் பணிப்பாளராக இருந்தவர் காலியில் பிறந்த பேராசிரியர் சிறில் பொன்னம்பெரும. 1969 செப்டம்பர் 28இல் அவுஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அமெரிக்காவின் நாசா ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டிருந்த பொன்னம்பெருமவும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பொடித்துச் சோதித்து, அதற்குள் அமினோ அமிலங்கள் இருப்பதையும் அவை பூமியிலிருந்து ஒட்டியவை அல்ல என்பதையும் 1970இல் உலகத்துக்குச் சொன்னார்கள். உயிருக்கு வேண்டிய மூலப்பொருள் வானத்திலேயே உண்டாகிறது என்று கல்லைக் காட்டி நிறுவிய மனிதர் பிறகு நம் ஹந்தானைச் சரிவில் வந்து இருந்து ஆய்வகம் நடத்தினார்! ஹந்தானை பஸ்ஸில் போகும் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்? என்னிடம் படிக்கிற ஒவ்வொரு வகுப்புக்கும் நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகத்தில் எத்தனையோ இடத்தில் ஜெமினிட் தெரியும். ஐரோப்பாக்காரர்கள் பனி கொட்டும் இரவில் நடுங்கிக்கொண்டு பார்க்கிறார்கள். தென்னாபிரிக்கா, அவுஸ்திரேலியா போன்ற இடங்களில் புனர்பூசம் வடக்கே தாழ்வாகத்தான் ஏறும். கண்டி பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருக்கிறது. அந்த இடத்தின் பாக்கியம் எல்லாப் பொழிவுகளும் நமக்குத் தெரிவது மட்டுமல்ல. அன்றைக்கு நாலு மணிக்கு நான் எழுந்து நின்று வடக்கே பார்த்தேன், சப்தரிஷி மண்டலம் முழுசாக நின்றது. அப்படியே திரும்பித் தெற்கே பார்த்தேன், தென்சிலுவை மலைக்கு மேலே ஏறியிருந்தது. லண்டன்காரருக்குச் சிலுவை ஒருநாளும் கிடையாது, மெல்பேர்ன்காரருக்கு சப்தரிஷி முழுசாகக் கிடையாது. இரண்டையும் ஒரே இடத்தில் நின்று பார்த்து, நடுவில் எரிநட்சத்திரமும் ஓடப் பார்க்கிறவர்கள் நாம். இதற்குமேல் என்ன வேண்டும்?

நள்ளிரவுக்குப் பின்தான் அதிகம் வரும் என்பதற்கும் காரணம் எளியது. சூரியனைச் சுற்றி ஓடும் பூமியின் முன்பக்கம் எது என்றால் விடிகாலையை நோக்கித் திரும்பியிருக்கும் பக்கம். நள்ளிரவு தாண்டியதும் நாம் அந்த முன்பக்கத்துக்கு வந்துவிடுகிறோம், வழியில் கிடக்கிற தூசு எல்லாம் எதிரே வந்து மோதுகிறது. ஜெமினிட்டுக்கு இதோடு புனர்பூசம் உச்சிக்கு வரும் நேரமும் சேர்ந்துகொள்கிறது. அதனால் ஒன்றிலிருந்து நாலரை வரைதான் பொன்னான நேரம்.

அத்தை நாலு மணிக்கு எழுந்தே பழகியவர். அந்தக் காலத்தில் பிரட்டுத் தப்பு அடித்துத்தான் தோட்டம் விழிக்கும். அந்தச் சத்தத்துக்கு எழுந்து, அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள். "அந்த நேரத்துல இதெல்லாம் விழுந்துகிட்டுத்தான் இருந்திருக்கும் இல்ல?" என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். "தலையக் குனிஞ்சே நடந்தோம். கல்லு தட்டும், அட்டை ஏறும், வேலைக்குப் பிந்துனா அரைப்பேரு போட்டுருவாங்க. மேல பாக்க எங்க நேரம்." அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். சொல்லிவிட்டு மறுபடியும் மல்லாந்து படுத்துக்கொண்டார். நான்தான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாக இந்த மலைகளுக்கு வந்து சேர்ந்தவர்கள் எங்கள் முன்னோர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சிலர் 1862இல் இந்த டிசம்பர்ப் பொழிவை முதன்முதலாகக் குறித்து வைத்தபோது இந்தச் சரிவுகளில் தேயிலை இல்லை, கோப்பி இருந்தது. அப்போது பொழிவும் இன்றைக்கு உள்ள அளவுக்குப் பெரிதில்லை. காலம் போகப் போகத் துணுக்கு ஓடையின் அடர்ந்த பாகம் பூமியை நெருங்கி வந்ததால், தாத்தாக்களுக்குக் கிடைக்காத காட்சி பேத்திகளுக்குக் கிடைக்கிறது. விடிகாலை வானம் இந்த மலைகளில் யாருக்காவது உரியது என்றால் தலைகுனிந்து நடந்தவர்களின் பிள்ளைகளுக்கு உரியது. அவர்கள் வந்து மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். இதை நான் கோவிலிலும் சொல்வேன், கூட்டத்திலும் சொல்வேன்.

இரண்டு நாளில் மார்கழி பிறக்கும், பஜனைக் குழு விடியமுன் லயத்துக்கு லயம் பாடிக்கொண்டு வரும். பிள்ளைகள் எப்படியும் எழுந்திருக்கத்தான் போகிறார்கள். பஜனைக்கு ஒரு மணித்தியாலம் முன்பே எழுப்பிவிட்டால் வானத்தையும் பார்த்துவிடலாம் என்று தோட்டத்துக் கோவில்காரர்களிடம் அன்று காலையே பேசிவிட்டு வந்தேன். அவர்கள் சிரித்தார்கள், ஆனால் மறுக்கவில்லை.

போக நினைக்கிறவர்கள் தொலைநோக்கி, பைனாகுலர் எதையும் தேட வேண்டாம். அவை வானத்தின் ஒரு சிறு துண்டைத்தான் காட்டும், இங்கே முழு வானமும் வேண்டும். மல்லாந்து படுக்க வேண்டும், கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றால் கால்மணி நேரம் தாங்காது. புனர்பூசத்தையே முறைத்துப் பார்க்கத் தேவையில்லை. அதிலிருந்து பாதி வானம் தள்ளிப் பார்த்தால்தான் நீளமான கீற்றுகள் அகப்படும். வெளிச்சம் கட்டாயம் வேண்டுமென்றால் டோர்ச்சின் கண்ணாடிக்குச் சிவப்பு செலோபேன் தாள் கட்டிக்கொள்ளுங்கள். புல்லில் நேரே படுக்காதீர்கள், அட்டை விடாது. தோட்டத்துக்குள் தெரிந்தவர்கள் இல்லாமல் இரவில் போகாதீர்கள். காட்டுப்பன்றி வரும், சிறுத்தையும் உலாவும் மலை அது. மேகம் மூடியிருந்தால் பத்து மணிக்கே வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள், ஒரு மணி வரைக்கும் இருந்து பாருங்கள்.

அடுத்து நல்ல இருட்டோடு அமைவது 2026 டிசம்பர் 14, திங்கட்கிழமை இரவு. பிறைநிலா நள்ளிரவுக்கு முன்பே இறங்கிவிடும், ஒன்றிலிருந்து நாலரை வரை வானம் முழுக்க நமக்கு. அத்தை இப்போதே பிரட்டுக்களத்தைக் கூட்டி வைக்க ஆள் சொல்லிவிட்டார். மச்சானின் ஓட்டோவில் இடம் பிடித்தாகிவிட்டது, மற்றவர்களுக்கு வத்தேகமவிலிருந்து பஸ் உண்டு. பிளேன்டி எங்கள் பொறுப்பு. கம்பளி மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.